மெகருக்குப் பிறகு மாட்டிய எர்த்: பீனியாவில் நடந்த ஒரு பேக்ஃபீட், முழு ஆய்வு

பெங்களூரு, பீனியா தொழிற்பேட்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் 12.20. 11 கேவி (11,000 வோல்ட்) பேனலின் பின்மூடியைக் கழற்றிவிட்டு, கேபிள் நுனியைப் பேனலோடு இணைக்கும் லக்கின் போல்ட்டுகளை டார்க் ஸ்பேனரால் (முறுக்கின் அளவைக் காட்டுவது) முறுக்கிக்கொண்டிருந்தார் எங்கள் மூத்த எலெக்ட்ரீஷியன். விசிபியை (11 கேவி சப்ளையைத் துண்டிக்கும் பிரேக்கர்) டிரிப் செய்து, வெளியே இழுத்து, பூட்டும் போட்டிருந்தோம். சப்ளை இல்லை என்று காலையிலேயே டிடெக்டர் வைத்துப் பார்த்திருந்தோம். திடீரென்று அறை விளக்கு அணைந்தது. அண்ணன் கையை நிறுத்திவிட்டுத் திரும்பி, "என்ன தம்பி, கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டார்.

கரண்ட் போகவில்லை. அவர் கை வைத்திருந்த லக்குக்கு வந்திருந்தது. 120 மீட்டர் தள்ளி நின்ற டிரான்ஸ்ஃபார்மர் வழியாக, நாங்கள் யாரும் எதிர்பார்க்காத பின்பக்கத்திலிருந்து வந்தது. இதைத்தான் பேக்ஃபீட் என்கிறோம். அந்த லக்குகளுக்கு மேலே மூன்று எர்த் கிளாம்ப் (லக்கைத் தரையோடு இணைக்கும் பிடி) கடித்துக்கொண்டிருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதே கிளாம்புகள் 16 நிமிடம் முன்பு வரை அங்கே இல்லை. மெகர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) போடுவதற்காகக் கழற்றி வைத்திருந்தோம்.

யாருக்கும் காயம் இல்லை, எதுவும் எரியவில்லை. மறுநாள் ஆலை வழக்கம்போல் ஓடியது. அதனால்தான் இதை முழுவதுமாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. ஆள் போனால் விசாரணை வரும், அறிக்கை வரும். ஆள் பிழைத்தால் டீ குடித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அன்று பர்மிட்டை (வேலைக்கான அனுமதித் தாள்) வாங்கிக் கையெழுத்துப் போட்டவன் நான். இதில் என் தவறும் இருக்கிறது, அதையும் உரிய இடத்தில் சொல்கிறேன். ஆலையின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம்.

ஆட்கள்

நாங்கள் நான்கு பேர், ஒப்பந்தக் குழு. மூத்தவரின் சொந்த ஊர் கோலார் தங்கவயல். அவருடைய அப்பா சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் பக்கம் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகு குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்து ஸ்ரீராமபுரத்தில் தங்கிவிட்டார். இந்த ஊரில் கரண்ட் வேலை பார்க்கும் தமிழர்களில் தங்கவயல்காரர்களுக்கு ஒரு தனி இடம் உண்டு. 1902-ல் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியபோது அது முதலில் போனது தங்கவயலுக்குத்தான். பெங்களூரு தெருக்களுக்கு விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905-ல். அண்ணன் வீட்டில் ஹை டென்ஷன் மூன்று தலைமுறைப் பேச்சு.

இன்னொருவன் தர்மபுரிப் பையன், எங்கள் எல்லோருக்கும் தம்பி, ஐடிஐ முடித்து இரண்டு வருடம் ஆகிறது. சுறுசுறுப்பானவன். நான்காவது ஆள் உதவியாளர். ஆலைப் பக்கம் மின்பொறுப்பாளர் கன்னடக்காரர், எல்.டி. (லோ டென்ஷன், 415 வோல்ட்) பேனல் ஆபரேட்டர் ஒடிசாவைச் சேர்ந்தவர். நாங்கள் எங்களுக்குள் தமிழ், பொறுப்பாளரோடு கன்னடம், அவர் ஆபரேட்டரோடு இந்தி, பர்மிட் தாளில் ஆங்கிலம். பீனியாவில் எந்த ஷெட்டுக்குள் போனாலும் இப்படித்தான் இருக்கும். இந்த நான்கு மொழிகளுக்கும் நடந்ததில் ஒரு பங்கு உண்டு.

அமைப்பு

ஆலையில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள், ஒவ்வொன்றும் 750 கேவிஏ, 11,000/433 வோல்ட். ஒவ்வொன்றுக்கும் எச்.டி. (ஹை டென்ஷன், 11 கேவி) அறையில் தனி விசிபி. அங்கிருந்து எக்ஸ்எல்பிஇ கேபிள் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எல்.டி. பேனலில் உள்ள இன்கமர் ஏசிபி, அதாவது சப்ளை உள்ளே வரும் பிரேக்கர். எல்.டி. பஸ்பார் (சப்ளையைப் பகிர்ந்து கொடுக்கும் உலோகப் பட்டை) இரண்டு பகுதியாக இருக்கிறது, நடுவில் இரண்டையும் இணைக்கும் பஸ் கப்ளர், அதுவும் ஓர் ஏசிபி. பிரேக்கரை மூடினால் சப்ளை போகும், திறந்தால் நிற்கும். சாதாரண நாளில் ஒன்றாம் டிரான்ஸ்ஃபார்மர் முதல் பகுதிக்கும் இரண்டாவது இரண்டாம் பகுதிக்கும் சப்ளை கொடுக்கும், கப்ளர் திறந்திருக்கும். ஒரு டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்தினால் அதன் இன்கமரைத் திறந்துவிட்டு, கப்ளரை மூடி, மற்றதை வைத்து இரண்டு பகுதியையும் ஓட்டலாம்.

இந்த மூன்று ஏசிபிக்கும் சேர்த்துச் சாவி இன்டர்லாக் இருக்கிறது: மூன்று பூட்டு, இரண்டே சாவி. சாவி உள்ளே இருந்தால்தான் ஏசிபியை மூட முடியும். மூடியிருக்கும்போது சாவியை உருவ முடியாது. ஆகவே கப்ளரை மூட வேண்டுமென்றால் ஏதாவது ஓர் இன்கமரைத் திறந்து, அதன் சாவியை எடுத்து வந்தாக வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் மூடியிருக்க வழியே கிடையாது. மூன்றாவது சாவி இல்லாத வரை.

எங்களுக்குக் கொடுத்த வேலை ஒன்றாம் டிரான்ஸ்ஃபார்மரின் விசிபி பேனலில். தெர்மல் கேமராவில் ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸில் ஒய் ஃபேஸ் லக் மற்ற இரண்டையும்விடச் சூடாகத் தெரிந்தது. லக்கைப் பிரித்து, சுத்தம் செய்து, திருப்பி முறுக்கி, கேபிளுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் மெகர் எடுத்துக் கொடுக்க வேண்டும். அரை நாள் வேலை. பேனல் பழையது, கேபிள் பக்கம் எர்த்திங் சுவிட்ச் கிடையாது. அதனால் கையில் கொண்டுபோன எர்த் செட்டைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

காலை

9 மணிக்குப் பொறுப்பாளர் ஆபரேட்டரைப் போனில் கூப்பிட்டு ஒன்றாம் டிரான்ஸ்ஃபார்மரை ஆஃப் செய்யச் சொன்னார். முறைப்படி முதலில் எல்.டி. இன்கமரைத் திறந்து லோடை இறக்க வேண்டும், அப்புறம்தான் எச்.டி. விசிபி. அன்று லோடு பெரிதாக இல்லை. பொறுப்பாளர் தன் கையாலேயே விசிபியை டிரிப் செய்தார். ஆபரேட்டர் தன் பேனலைப் பார்த்தார். முதல் பகுதியில் வோல்ட் மீட்டர் பூஜ்யம், இன்கமர் விளக்குகள் அணைந்திருந்தன. போனில் சொன்னார்: "பந்த் ஹோ கயா."

பொறுப்பாளர் என் பக்கம் திரும்பி, "எல்.டி. ஆஃப் ஆகிதே" என்றார். நான் பர்மிட்டில் எல்.டி. இன்கமர் என்ற வரிக்கு எதிரே ஆஃப் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இந்த இடத்தை நான் எத்தனையோ முறை திரும்பத் திரும்ப யோசித்துவிட்டேன். தமிழில் "ஆஃப் பண்ணியாச்சு" என்பது வேறு, "ஆஃப் ஆயிடுச்சு" என்பது வேறு. முன்னதில் ஒருவர் கை வைத்துச் செய்திருக்கிறார். பின்னதில் அது தானாக நடந்திருக்கிறது. இந்தியிலும் அதே வேறுபாடு உண்டு: கர் தியா, ஹோ கயா. ஆபரேட்டர் பொய் சொல்லவில்லை. தான் பார்த்ததை, சப்ளை நின்றுவிட்டது என்பதை, அப்படியே சொன்னார். பொறுப்பாளர் அதைச் செய்த வேலையாக எடுத்துக்கொண்டார். நான் அதைத் தாளில் ஏற்றி உண்மையாக்கிவிட்டேன். எல்.டி. பேனல் அங்கிருந்து 120 மீட்டர்தான். நடந்து போய்ப் பார்த்திருந்தால், ஏசிபியின் முகப்பில் இருக்கும் மெக்கானிக்கல் காட்டி 'ஆன்' என்று சொல்லியிருக்கும். அந்தக் காட்டிக்கு சப்ளை தேவையில்லை. நான் போகவில்லை.

9.25-க்கு டிடெக்டர். முதலில் சப்ளை உள்ள இரண்டாவது பேனலில் வைத்துப் பார்த்தோம், கத்தியது. வேலை செய்ய வேண்டிய லக்குகளில் ஆர், ஒய், பி மூன்றிலும் வைத்தோம், சத்தம் இல்லை. திரும்பவும் சப்ளை உள்ள இடத்தில் வைத்தோம், கத்தியது. ஆக டிடெக்டர் நன்றாகத்தான் இருந்தது, சோதனையும் குறையில்லாமல் நடந்தது. டிஸ்சார்ஜ் ராடால் ஒவ்வொரு ஃபேஸையும் தொட்டு இறக்கிவிட்டு, எர்த் செட்டை மாட்டினோம்: முதலில் எர்த் பட்டையில், பிறகு மூன்று ஃபேஸிலும். அண்ணன் மாட்டும்போது "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணுவார். கழற்றும்போதும் அப்படித்தான்.

மெகர்

லக் வேலை 11.30-க்கு முடிந்தது. மெகர் போட எர்த்தைக் கழற்றியாக வேண்டும், எர்த் இருக்கும்போது இன்சுலேஷனை அளக்க முடியாது. எச்.டி. வேலையில் மிக அபாயமான நேரம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பர்மிட் நடப்பில் இருக்கிறது, மூடி திறந்திருக்கிறது, ஆட்கள் பக்கத்தில் நிற்கிறார்கள், காலையிலிருந்து எதுவும் நடக்காததால் மனதில் பயமும் குறைந்திருக்கிறது, காப்பு மட்டும் இல்லை. இதற்காகத்தான் நல்ல இடங்களில் வேலைக்கு ஒரு பர்மிட்டும் சோதனைக்குத் தனி அனுமதியும் வைத்திருக்கிறார்கள். சோதனை அனுமதி கொடுக்குமுன் வேலை பர்மிட்டைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். எங்கள் தாளில் அப்படி எதுவும் கிடையாது. எர்த்தை எப்போது எடுத்தோம், எப்போது மாட்டினோம் என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை. நான் என் குறிப்பேட்டில் எழுதிவைத்ததால்தான் இந்த நேரங்களை இப்போது சொல்ல முடிகிறது: கழற்றியது 11.41.

5 கேவி மெகர் போட்டு அளவு எடுத்தோம். முடிந்ததும் கேபிளை டிஸ்சார்ஜ் செய்தோம். கேபிள் ஒரு கெப்பாசிட்டர் மாதிரி, மெகர் ஏற்றிய சார்ஜைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதைத் தெரியாமல் தொட்டு அடி வாங்கியவர்கள் உண்டு. அப்போது தம்பி ஒய் ஃபேஸ் லக்கைப் பார்த்துவிட்டு, கடைசியாக ஒரு முறை டார்க் வைத்துச் சரிபார்த்து, குறி போட்டுவிட்டால் மூடியை மூடிவிடலாம் என்றான். சரியாகத்தான் சொன்னான். மூன்று போல்ட், பத்து நிமிட வேலை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே குனியப் போனான்.

"எர்த்த மாட்டுடா."

"பத்து நிமிஷம்தாண்ணே. இப்பதான டிஸ்சார்ஜ் பண்ணோம். மறுபடி மாட்டி, மறுபடி கழட்டி…"

"எடுத்தத மாட்டாம உள்ள கை போகக் கூடாது. நகரு, நான் மாட்டுறேன்."

அண்ணன் கோபப்படவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. ராடை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மாட்டினார். 12.04. பிறகு ஸ்பேனரையும் தம்பி கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தானே உள்ளே குனிந்தார். நான் அந்தப் பேச்சில் தலையிடவில்லை. தம்பி சொன்னபடியே செய்திருந்தால் நான் தடுத்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நிச்சயமாகத் தடுத்திருப்பேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

12.20

முதல் பகுதியில் ஒரு குளிர் அறை இருந்தது. உள்ளே சூடு ஏறினால் கெட்டுப்போகும் ரெசின். உற்பத்திப் பிரிவிலிருந்து ஆபரேட்டருக்குப் போன் வந்தது. கப்ளரை மூடி முதல் பகுதிக்கு சப்ளை கொடுக்கச் சொன்னார்கள். அதில் தவறு எதுவும் இல்லை, அமைப்பு அதற்காகத்தான் இருக்கிறது.

ஆபரேட்டர் முறைப்படி ஒன்றாம் இன்கமரின் சாவியை எடுக்கப் போனார். சாவி வரவில்லை. அந்தப் பூட்டு அடிக்கடி இறுகிக்கொள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்காகவே மேசை இழுப்பறையில் ஒரு மூன்றாவது சாவி இருந்தது. அதை எடுத்து, கப்ளரில் போட்டு, மூடினார்.

சாவி வராததற்குக் காரணம் பூட்டு இறுகியது அல்ல. ஒன்றாம் ஏசிபி மூடியே இருந்தது. அந்தப் பூட்டு அவரிடம் உள்ளதைச் சொன்னது. ஆனால் அதற்கு முன் பல தடவை உண்மையிலேயே இறுகிக்கொண்டு அவரை ஏமாற்றியிருந்ததால், இந்த முறை அது சொன்னதை அவரால் படிக்க முடியவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். இறுகும் பூட்டைச் சரிசெய்வதற்குப் பதிலாக இன்னொரு சாவியைச் செய்து கொடுத்த நாளிலேயே இந்த விபத்து தொடங்கிவிட்டது.

கப்ளர் மூடியதும், இரண்டாம் டிரான்ஸ்ஃபார்மரின் 415 வோல்ட் முதல் பகுதிக்கு வந்து, மூடியிருந்த ஒன்றாம் ஏசிபி வழியாக ஒன்றாம் டிரான்ஸ்ஃபார்மரின் எல்.டி. சுற்றுக்குள் போனது. டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது. 433-ஐக் கொடுத்தால் 11,000 தரும். 415-ஐக் கொடுத்தால் ஏறக்குறைய 10,500. அது கேபிளில் ஏறி, விசிபியின் கீழ் முனைக்கு, அண்ணன் முறுக்கிக்கொண்டிருந்த லக்குக்கு வந்தது. அங்கே மூன்று ஃபேஸும் எர்த்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததால் வோல்டேஜ் எழவே முடியவில்லை. ஷார்ட் சர்க்யூட் ஆகி, எல்.டி. பக்கம் கரண்ட் ஏறி, இரண்டாம் இன்கமர் டிரிப் ஆனது. அதோடு முழு ஆலையும் இருட்டானது. அந்த இருட்டைப் பார்த்துத்தான் அண்ணன் கரண்ட் போயிடுச்சா என்று கேட்டார்.

எண்களில்

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 750 கேவிஏவுக்கு எல்.டி. பக்கம் முழு லோடு 1,000 ஆம்பியர், எச்.டி. பக்கம் 39. இரண்டு டிரான்ஸ்ஃபார்மரின் இம்பீடன்ஸும் (கரண்டை மட்டுப்படுத்தும் தடை) 5 சதவீதம். பேக்ஃபீடில் இரண்டும் வரிசையாக நிற்பதால் மொத்தம் 10 சதவீதம், அதாவது முழு லோடைப் போல் பத்து மடங்கு. ஆக எர்த் லீடுகளில் ஒவ்வொன்றிலும் சுமார் 390 ஆம்பியர் கணப்பொழுது ஓடியிருக்கிறது. எங்கள் லீடு 35 சதுர மி.மீ. தாமிரம், அதற்கு இது ஒன்றுமே இல்லை. கிளாம்ப் கடித்த ஒரு இடத்தில் மிளகளவு கருத்த புள்ளி மட்டும் இருந்தது.

எர்த் இல்லாமல் இருந்திருந்தால்? ஒன்றாம் டிரான்ஸ்ஃபார்மரின் எச்.டி. சுற்று டெல்டா, அதாவது எர்த்தோடு சேர்க்க நடுமுனை இல்லாத இணைப்பு. விசிபி வெளியே இருப்பதால் அந்தப் பக்கம் எங்கும் எர்த்தோடு தொடர்பு இல்லை. இதைக் கேட்டதும் பொறுப்பாளர், அப்படியென்றால் ஒரு ஃபேஸை மட்டும் தொட்டால் சர்க்யூட் முழுமையாகாதே, பெரிதாக ஒன்றும் ஆகாதே என்றார். பலருக்கும் இந்த எண்ணம் இருக்கிறது, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். கேபிளின் ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கெப்பாசிட்டன்ஸ் இருக்கிறது. இந்த வகை கேபிளில் கிலோமீட்டருக்கு 0.3 மைக்ரோஃபாரட் என்று வைத்தால், 120 மீட்டருக்கு 0.036. ஒரு ஃபேஸை ஒருவர் தொட்டால் மற்ற இரண்டு ஃபேஸின் கெப்பாசிட்டன்ஸ் வழியாக அவர் உடம்பில் ஏறக்குறைய 0.2 ஆம்பியர் ஓடும். வீட்டில் வைக்கும் ஆர்சிசிபி (கசிவைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கர்) 30 மில்லி ஆம்பியரிலேயே விழவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் போனால் இதயம் தாங்காது என்பதற்காக. இது அதைப் போல் ஆறு ஏழு மடங்கு. எல்.டி. பக்கம் எந்த ரிலேவும் இதை ஒரு தப்பாகவே பார்க்காது, டிரிப் ஆகாது. ஆள் அங்கேயே கிடக்க, சப்ளை போய்க்கொண்டே இருக்கும். ஸ்பேனர் இரண்டு ஃபேஸைச் சேர்த்திருந்தால் ஆர்க் அடித்து, முகமும் கையும் வெந்திருக்கும்.

பொறுப்பாளர் அந்தத் தாளை வாங்கிக் கணக்கைத் தானே ஒரு முறை போட்டுப் பார்த்தார். அப்புறம் வெகுநேரம் அவர் பேசவில்லை.

டிடெக்டர் ஏன் காப்பாற்றவில்லை

இதுதான் என்னை மிகவும் உலுக்கிய விஷயம். 9.25-க்கு நாங்கள் செய்த சோதனையில் எந்தப் பிழையும் இல்லை. அப்போது கப்ளர் திறந்திருந்தது, லக்கில் நிஜமாகவே சப்ளை இல்லை. 12.20-க்கு அது பொய்யாகிவிட்டது. டிடெக்டர் சொல்வது அதை வைத்த நொடியைப் பற்றி மட்டும்தான். அடுத்த மூன்று மணி நேரத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. பல இடங்களில் டெஸ்ட் செய்து பார்த்தாகிவிட்டது என்பதையே கடைசிப் படியாக எடுத்துக்கொண்டு, எர்த்தை ஒரு சடங்காக மாட்டுகிறார்கள். சின்ன வேலை என்றால் அதையும் விட்டுவிடுகிறார்கள்.

இந்திய மின்சார விதிகள் 1956-லும் சரி, அதன் இடத்தில் வந்து 2023 வரை நடப்பில் இருந்த மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் சரி, இதைப் பற்றிய விதிக்கு இரண்டு பாதி இருந்தது. கண்டக்டரைத் தொடுமுன் எர்த் செய்தோ வேறு தகுந்த வழியிலோ அதை டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும் என்பது ஒன்று. ஆட்கள் வேலை செய்யும்போது அது தவறுதலாகவோ கவனக்குறைவாகவோ சார்ஜ் ஆகிவிடாமல் தடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் பாதி எல்லோருக்கும் தெரியும். டிஸ்சார்ஜ் ராடால் ஒரு தடவை தொட்டுவிட்டால் அது முடிந்துவிட்டது. இரண்டாம் பாதி வேலை முடியும் வரை நீள்கிறது. தம்பி முதல் பாதியைச் செய்திருந்தான். அண்ணன் மாட்டியது இரண்டாம் பாதியை.

எங்கெங்கே ஓட்டை

ஏசிபி ஏன் தானாகத் திறக்கவில்லை என்ற கேள்விக்கு விடை தேட இரண்டு நாள் ஆனது. சப்ளை போனால் ஏசிபியை டிரிப் செய்ய யுவி காயில் இருக்கிறது. விசிபி திறந்ததும் அது விழுந்து ஏசிபியைத் திறந்திருக்க வேண்டும். வெளியே வோல்டேஜ் சற்று இறங்கினாலே ஏசிபி விழுந்து உற்பத்தி நிற்கிறது என்று, எப்போதோ யாரோ யுவி காயிலுக்கு யுபிஎஸ்ஸிலிருந்து சப்ளை கொடுத்துவிட்டார்கள். காயில் எந்நேரமும் பிடித்தபடியே இருந்தது. வயரிங் வரைபடத்தில் அந்த மாற்றம் இல்லை. ஆனால் ஆன், ஆஃப் விளக்குகள் பழையபடி டிரான்ஸ்ஃபார்மர் பக்க சப்ளையில்தான் இருந்தன. அதனால் சப்ளை போனதும் இரண்டு விளக்கும் அணைந்தன. பச்சை (ஆஃப்) எரிந்ததா என்று யாரும் பார்க்கவில்லை, சிவப்பு (ஆன்) எரியவில்லை என்பதே போதுமானதாக இருந்தது.

உபரிச் சாவி, யுபிஎஸ் வயர், எரியாத விளக்கு, போனில் வந்த ஒரு சொல், நடக்காமல் விட்ட 120 மீட்டர். ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு நாள் யாரோ நல்ல எண்ணத்தில், வேலை நிற்கக் கூடாது என்பதற்காகச் செய்திருக்கிறார்கள். என் 120 மீட்டரும் அப்படித்தான், பேனல் அருகே ஆட்களை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஏசிபியைத் திறந்தால் மட்டும் போதாது, டிராயரோடு வெளியே இழுத்து வைத்துப் பூட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சர்வீஸ் நிலையில் இருக்கும் ஏசிபி ஒரு பட்டனில் மூடிக்கொள்ளும். இழுத்து வைத்ததை ஒருவர் மறந்துபோய் மூட முடியாது. எச்.டி. பக்கம் இதை நாங்கள் தவறாமல் செய்கிறோம். எல்.டி. பக்கத்தை 415 வோல்ட்தானே என்று விட்டுவிடுகிறோம். டிரான்ஸ்ஃபார்மரில் வேலை என்றால் எல்.டி.யும் எச்.டி.தான். டிஜி செட் (டீசல் ஜெனரேட்டர்), யுபிஎஸ், கூரை சோலார் என எல்.டி. பஸ்ஸுக்கு எத்தனை வாசல் இருக்கிறதோ, அத்தனை வழியாகவும் 11 கேவி திரும்பி வரலாம். பீனியாவில் இப்போது சோலார் இல்லாத பெரிய ஷெட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சோலார் இன்வெர்ட்டர் வெளி சப்ளை போனால் தானே நின்றுவிடும், ஆனால் டிஜி ஓடிக்கொண்டிருந்தால் அதையே வெளி சப்ளை என்று எடுத்துக்கொள்ளும்.

தகவல் சொல்வதா வேண்டாமா

யாருக்கும் அடிபடவில்லையே, எதற்கு வெளியே சொல்ல வேண்டும் என்று ஆலைக்குள் ஒரு பேச்சு எழுந்தது. மின்சாரச் சட்டம் 2003-ன் 161-ஆம் பிரிவைத் திறந்து காட்டினேன். உயிரிழப்போ காயமோ நடந்த விபத்து மட்டுமல்ல, நடந்திருக்கக்கூடிய விபத்துக்கும் மின் ஆய்வாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. இந்தச் சொற்களை நம்மில் பலர் படித்ததே இல்லை. கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு தகவல் கொடுத்தார்கள். மேலாளருக்கு என் மேல் சில வாரம் வருத்தம் இருந்தது, பிறகு சரியாகிவிட்டது.

பிறகு

உபரிச் சாவியைப் பொறுப்பாளர் எல்லோர் முன்னிலையிலும் ஹாக்ஸாவால் இரண்டாக அறுத்தார். பூட்டை மாற்றினார்கள். யுவி காயிலைப் பழைய சப்ளைக்குக் கொண்டுவந்து, சிறு வோல்டேஜ் இறக்கத்துக்கு விழாமல் இருக்க ஒரு டைம் டிலே வைத்தார்கள். அந்தத் தீர்வு முதலிலிருந்தே சந்தையில் இருக்கிறது, விலையும் பெரிதல்ல.

பர்மிட் தாளை நாங்களே மாற்றினோம். எல்.டி. இன்கமர் வரியில் இப்போது ஆஃப் என்ற சொல்லே இல்லை. 'வெளியே இழுத்துப் பூட்டியது யார், பூட்டு எண் என்ன, வாங்குபவர் கண்ணால் பார்த்தாரா' என்று இருக்கிறது. எர்த் செட்டுக்கு எண் போட்டு, மாட்டிய நேரம், கழற்றிய நேரம், திரும்ப மாட்டிய நேரம் என்று மூன்று கட்டம். அந்த மூன்றாவது கட்டத்தைச் சேர்க்கச் சொன்னது தம்பி. வேலை தொடங்குமுன் பேனல் முன் தரையில் சாக்பீஸால் ஒற்றைக் கோட்டுப் படம் போட்டு, சப்ளை வரக்கூடிய எல்லா வழியையும் ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல வேண்டும் என்று வைத்தோம். தமிழில், கன்னடத்தில், இந்தியில், யாருக்கு எது வருமோ அதில். முதல் தடவை செய்தபோது ஒடிசாக்கார ஆபரேட்டர்தான் டிஜியை ஞாபகப்படுத்தினார். எங்கள் படத்தில் அது விட்டுப்போயிருந்தது.

லீடு விஷயம் இன்னும் பாக்கி. எங்கள் 35 சதுர மி.மீ. செட் அன்றைய 390 ஆம்பியருக்குப் போதும். ஆனால் விசிபி பக்கத்திலிருந்து தவறுதலாக சப்ளை வந்திருந்தால் கதை வேறு. அந்தப் பேனலின் ஷார்ட் சர்க்யூட் அளவு 350 எம்விஏ, அதாவது 18.4 கிலோ ஆம்பியர். ஒரு நொடி தாங்க 95 சதுர மி.மீ. தாமிரமாவது வேண்டும். 35 என்றால் 7 கிலோ ஆம்பியரைத் தாண்டினால் தாங்காது. உருகி அறுந்த பிறகு அது எர்த்தே இல்லை. இது எனக்கு முன்பே தெரிந்த கணக்கு. கனமான செட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவது கஷ்டம் என்று தள்ளிப்போட்டு வந்தேன். இப்போது 95-ல் ஒரு செட் வாங்கியிருக்கிறோம். தேவைப்படும் இன்னொரு செட்டுக்கு எங்கள் முதலாளியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேனலில் நிரந்தர எர்த்திங் சுவிட்ச் வைப்பதற்கு ஆலையில் அடுத்த வருட பட்ஜெட்டில் பணம் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் அதே ஆலையில் இரண்டாம் டிரான்ஸ்ஃபார்மர் வேலை. எல்.டி. பேனலுக்கு நடந்து போய், ஏசிபி வெளியே இருப்பதைப் பார்த்து, என் பூட்டைப் போட்டுவிட்டு எச்.டி. அறைக்குத் திரும்பினேன். உள்ளே தம்பி மெகர் எடுத்து முடித்திருந்தான். கதவருகிலேயே கேட்டது: "ஒண்ணு, ரெண்டு, மூணு."